கட்டைக் குரல்

மூன்றாம் நாள். பாசையூர் மாதர் சங்கக் கட்டடம்.
ஒரு ஃபான் சுற்றுகிறது, மற்றது சும்மா தொங்குகிறது.
தேத்தண்ணியும் ரோல்ஸும் முடிந்தபிறகு
பயிற்சிக்கு வந்த பிள்ளை சொன்னாள்:
"இப்ப நடிச்சுப் பாப்பம்.
அலோசியாக்கா மனுசி. கொறற்றியக்கா பொலிஸ்.
உங்கட குரல் கட்டை, நீங்கள் புருசன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
சாரத்துக்கு எங்கே போவது?
சுவரில் கிடந்த பனரைக் கழற்றி
என் இடுப்பில் சுற்றினாள் நிறோஜா.
'பெண் தலைமைத்துவம்' மடிப்புக்குள் போய்
'தலை' மட்டும் வெளியே தெரிந்தது.

வசனம் எழுதித் தரவில்லை.
"மனசில வாறதைச் சொல்லுங்கோ."

வந்தது.

"எங்கயடி போட்டு வாறாய்?
ஃபோனைத் தா.
ஆரிந்த நம்பர்?
கொம்பனிக்கு நண்டு உடைக்கப் போறியோ
ஆள் பிடிக்கப் போறியோ?"

ஒரு சொல்லுக்கும் நான் யோசிக்கவில்லை.
இடக்கை தானாக நீண்டு
இல்லாத கதவொன்றைச் சாத்தியது.

அலோசியா நடிப்பை விட்டாள்.
கொறற்றி
கடதாசித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.
பதினேழு பேர்.
உனக்கெப்படி இவ்வளவும் பாடம் என்று
ஒருத்தியும் கேட்கவில்லை.

ஆடி மாதம், இரவு பதினொன்றரை.
ஐஸ் ஃபக்டரிக்குப் பின்னால் கத்தல் கேட்குதென்று
நிறோஜாவின் மிஸ்ட் கோல், மூன்று தரம்.
தனியப் போகாதே, ரோச் கொண்டு போ,
நேரத்தை எழுதி வை.
கொப்பியில் இருந்தது அவ்வளவுதான்.

படலையை மறித்து நின்றான்.
"இது எங்கட குடும்ப விசயம்."
ஓம், முதலாவது வரி.
"நீங்கள் ஆர் கேக்க?"
இரண்டாவது.
மூன்றாவதுக்கு அவன் வாய் திறக்கமுன்
நானே சொன்னேன், கட்டைக் குரலில்:
"சோறு போடுறவன் நான்."

தன் சேட்டை வேறொருத்தி போட்டுவந்து
முன்னால் நிற்கக் கண்டவன்போல விழித்தான்.
அந்தக் கொஞ்ச நேரம் போதும்.
கொறற்றி உள்ளே போய்
அவளையும், நித்திரைப் பிள்ளையையும்,
அரிசி வாளிக்குள் ஒளித்த அடையாள அட்டையையும்
வெளியே கொண்டுவந்தாள்.

பொலிஸில் மூன்று மணித்தியாலம்.
'குடும்பப் பிணக்கு' என்று எழுதினார்கள்.
வெட்டி எழுதச் சொன்னோம். முறைத்தார்கள்.
வெட்டினார்கள்.

மூன்றரைக்கு என் வாசலில்
லைற் போடாமல் நின்றது ஒரு உருவம்.

"எங்கயடி போட்டு வாறாய்?"

இறக்கிவிட்ட கொறற்றி
ஸ்கூட்டியைத் திருப்பவில்லை.
எஞ்சினையும் நிறுத்தவில்லை.
வெளிச்சம் அவன் முழங்காலில் விழுந்து கிடந்தது.