ஏழு நொடி

எங்களிடம் ஏவுதளம் இல்லை.
ஏவினால், கழன்று விழும் முதல் கட்டம்
அடுத்தவர் கடலில்தான் விழும்.
அதனால் பெட்டியில் அடைத்து,
"உடையும் பொருள்" என்று நான்கு பக்கமும் ஒட்டி
சாங்கியில் சரக்கு விமானம் ஏற்றினோம்.
படிவத்தில் "பயன்பாடு" என்ற கட்டத்தின் மேல்
ஹைருல் வெகுநேரம்
பேனாவை வைத்தபடி நின்றான்.

ஸ்ரீஹரிகோட்டாவில் அது எழுந்த இரவு
ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் அறையில்
குளிரூட்டி சொட்டிக்கொண்டிருந்தது.
வாளி தேடிப் போன சியூ லிங்
நெருப்பைப் பார்க்கவேயில்லை.

நூறு நிமிடத்துக்கு ஒருமுறை வரும்.
துவாஸில் நுழைந்து சாங்கியில் வெளியேற
ஏழு நொடி.
ஒரு கொட்டாவிக்குள் நாடு முடிந்துவிடும்.

மூன்றாம் நாள்
முதல் படம் வரிவரியாக இறங்கியது:
சுமத்ராவின் கரை, காடெரியும் புகை ஒரு கீற்று,
நீரிணையில் எள் சிந்தினாற்போல் கப்பல்கள்,
பிறகு
எங்கள் தீவு இருக்க வேண்டிய இடத்தில்
மேகம்.
வெறும் மேகம்.

யாரும் பேசவில்லை.
நான் நேரக்குறிப்பைப் பார்த்தேன்:
நேற்று, பிற்பகல் மூன்று பத்து.
179-க்காகக் குடையில்லாமல் நின்றேனே, அப்போது.

வெள்ளையின் இடது ஓரத்தில் விரல் வைத்தேன்.
"இங்கேதான் நனைஞ்சேன்."

அடுத்த சுற்றுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.
சியூ லிங் வாளியைக் கொட்டப் போனாள்.