எர்த் குழி

திசையன்விளைக்கு மேற்கே எடைமேடை.
முருங்கைக்காய் லோடு ஏறி நிற்கிறது.
திரையில் எண் தெரிகிறது: ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது.
‘சேமி’ என்ற பச்சைக் கட்டத்தை மட்டும்
யார் தொட்டாலும் ஏனென்று கேட்கவில்லை.

“காலையில இருந்தே இப்படித்தாம்மா” என்கிறான் சுயம்புலிங்கம்.
“எச்சி தொட்டுத் தேச்சும் பாத்தாச்சு.”
அது தெரிகிறது.

துடைத்தேன். அணைத்தேன்.
பத்து எண்ணிவிட்டுப் போட்டேன்.
“டிரைவரைத் தூக்கிட்டுத் திரும்பப் போடணும்” என்றேன்.
லாரிக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது:
“என்னையவா?”

நான் கொண்டுபோன மவுசு சொன்னால் கேட்கிறது.
“அப்ப அத வச்சிட்டுப் போங்க.”
இருப்பது ஒன்று.

பின்மூடியைக் கழற்றி
நாடா வயரைச் செருகப் போகையில்
முழங்கையில் சுருக்கென்றது.
“அதுவா, ஆனி பொறந்ததுல இருந்து
லேசா கடிக்கத்தான் செய்யி.”
லேசாகத்தான். டெஸ்டரை வைத்தேன்,
சிவப்பாகக் கண் திறந்தது.

விரல் கொடுப்பது ஒரு துளி.
இறங்க இடமில்லாத கசிவெல்லாம்
கண்ணாடியில் நின்று இரைச்சல் போட்டால்
அந்தத் துளி எப்படிக் கேட்கும்?

கட்டிடத்துக்குப் பின்னால் எர்த் குழி.
சாரல் குற்றாலத்தோடு நின்றுவிடுகிறது,
இங்கே வருவது வெறுங்காற்று,
தேரி மண்ணை வாரிக்கொண்டு.
மூடியைத் தூக்கினால்
கரியும் செம்மண்ணும் வறுத்துக் கொட்டியதுபோல.
எறும்புகூட விட்டுப் போயிருந்தது.

கல்லுப்பு வாங்க
அருளப்பன் இறங்கி டீக்கடைக்கு நடந்தார்.
திரை உடனே எழுபது கிலோ குறைத்தது.
அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

உப்பு ஒரு பாக்கெட், தண்ணீர் இரண்டு குடம்.
குழி குடித்த சத்தம் எனக்குக் கேட்டது.
மூன்றாவதையும் கேட்டது, கொடுத்தோம்.
டெஸ்டர் மங்கி, மங்கி,
அணைந்தது.

சுண்டுவிரலால் தொட்டேன்.
பச்சைக் கட்டம் அமுங்கி எழுந்தது.
“பொறு பொறு,” என்று ஓடிவந்தார் அருளப்பன்,
“நான் ஏறிக்கிடுதேன். வெறும் லாரியையும்
என்னோடதான் போட்டீய!”

பில்லில் எழுதினேன்:
உப்பு 1, தண்ணீர் 3 குடம்.
சுயம்புலிங்கம் தலையைச் சொறிந்தான்.
“கம்பெனிக்கு அனுப்பணும்மா.
வாயில நுழையாத மாதிரி
ஏதாச்சும் எழுதித் தாங்களேன்.”