கோசோங்

காலை வேலை என்றால் டிப்போ கேன்டீனில்
ஐந்து பத்துக்கு
கோப்பி ஓ கோசோங்.
கோசோங் என்றால் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததற்கும்
ஒரு வெள்ளி இருபது காசு.

ஆறு புள்ளி ஒன்று என்றார்
யீஷூன் பலதுறை மருந்தகத்து மருத்துவர்.
இன்னும் வரவில்லை, வரலாம்.
தாளில் அச்சாகியிருந்தது
நீரிழிவு முன்னிலை என்று.
முன்னிலை.
உயர்நிலை இரண்டில் இலக்கணப் புத்தகத்தில்
தன்மைக்கும் படர்க்கைக்கும் நடுவில் இருந்ததே
அந்த முன்னிலையா?
எதிரில் நின்று
என்னை 'நீ' என்கிறதா?

பத்தொன்பது ஆண்டு பேருந்து ஓட்டுகிறேன்.
பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் இருப்பதை
எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
மஞ்சளில் சிலர் மிதிப்பார்கள்.
நான் ஓர் ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இடது புஜத்தில்
ஐம்பது காசு அகலத்தில் ஒரு வில்லை.
மயிரிழை போல ஒன்று தோலுக்குள் இறங்கி
ஐந்து நிமிடத்துக்கொரு தடவை
கைப்பேசியிடம் கோள் சொல்கிறது.

ரோஸ்னாவுக்கும் ஒன்று ஒட்டினார்கள்.
ஒரே கடை, ஒரே நாசி லெமாக்,
சம்பால் கூட ஒரே கரண்டி.
அவளுக்கு ஏழு புள்ளி இரண்டு.
எனக்குப் பத்து புள்ளி நான்கு.
"சோறு ஒன்றுதான் ஆன்ட்டி,
உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது யார்
என்பதுதான் எங்கள் கேள்வி"
என்றாள் தாதி ஹுவீ ஷான்.

குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைச் சொன்னாள்.
கோடி கோடியாய்.
கார்டு தட்டாமல் ஏறியவர்கள்,
இறங்க மணி அடிக்காதவர்கள்.
என் வயிறு கைவிட்ட நாரை
அவர்கள் தின்று
ஏதோ அமிலமாக்கிக் குடற்சுவருக்கு ஊட்டுவார்களாம்.
அது சர்க்கரையைக் கொஞ்சம் அதட்டி வைக்கலாமாம்.

"கூட்டம் மாறியதால் சர்க்கரை ஏறியதா,
சர்க்கரை ஏறியதால் கூட்டம் மாறியதா?"
"அது தெரியத்தான் உங்கள் டப்பா வேண்டும்."

டப்பா.
மூடியில் என் பெயர் இல்லை, ஓர் எண்.
எழுதக் கூசுகிறது, எழுதுகிறேன்:
மூன்று பைக்குள் போட்டு
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில்
காய்கறிக்கு எட்டாமல் வைத்தேன்.
பால் எடுக்க வந்த எழிலரசு
கதவைத் திறந்தபடி நெடுநேரம் நின்றார்.
"இது உன்னுதா?"
"என்னுதுன்னு முழுசாச் சொல்ல முடியாது."
அவருக்குப் பின்னால் மேடையில்
ராத்திரி அரைத்த மாவு
சத்தமில்லாமல் மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வாரம்,
நாளுக்கொரு வெள்ளைத்தூள் பொட்டலம்.
பாதிப்பேர் பொட்டலத்தில் நார்.
பாதிப்பேருக்குக் கோசோங்.
எனக்கு எது என்று
ஹுவீ ஷானுக்கும் சொல்லவில்லையாம்.
தண்ணீரில் கலக்கினால்
இரண்டும் ஒரே கலங்கல்.

இது ஒன்பதாம் வாரம்.
வயிறு கடமுடா என்கிறது.
நம்பிக்கையா வாயுவா, தெரியவில்லை.
நேற்று முழுக்க வில்லை எட்டைத் தாண்டவில்லை.
ஆனால் நேற்று ஓய்வுநாள்,
பூங்கா இணைப்பில் ஒரு மணி நேரம் நடந்தேன்,
ரோஸ்னா கொடுத்த தெம்பே தின்றேன்,
நன்றாகத் தூங்கியும்விட்டேன்.
யாருக்கு நன்றி சொல்வது?

இன்றைக்குக் கடைசி நடை.
பதினொன்று ஐம்பது.
மேல்தளத்தைக் காட்டும் சின்னத் திரையில்
வரிசை வரிசையாய்க் காலி இருக்கைகள்.
கோசோங் என்று நினைத்துக்கொண்டே
கம்பாஸ் அவென்யூவில் திரும்பும்போது
அடிவயிற்றில் ஓர் உருளல்.

'நாங்கள்' என்றால்
எதிரில் இருப்பவர் சேரமாட்டார்.
'நாம்' என்றால் சேர்வார்.
அந்தப் புத்தகத்திலேயே
இரண்டு பக்கம் தள்ளி இருந்தது.
பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

டிப்போவில் நிறுத்தி
பிரேக் போட்டு
விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்து,
காலி வண்டிக்குள்
"வந்துட்டோம்" என்றேன்.