மீதம்

இரவு பதினொன்றேகாலுக்கு மின்சாரம் வந்தது.
மகோகோபாவின் தகரக் கூரைகளுக்குக் கீழே
எல்லா ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் இருமின.
என் கடையில் பழைய லேப்டாப் கண் விழித்தது.
ஆறு நாள் பின்தங்கியிருக்கிறது.
உலகம் அதற்குள் எண்ணூற்றுச் சொச்சம் பிளாக் எழுதிவிட்டது.
டிஸ்கில் மிச்சம் நான்கு ஜிபி.

"கத்தரித்துவிடு" என்கிறான் ஸென்ஸோ,
உடைந்த போன் திரையை நகத்தால் நெம்பியபடி.
"ஒருமுறை சரிபார்த்த பழைய கணக்கு எதற்கு?
தின்ற தட்டைக் கழுவாமலா அடுக்கி வைப்பாய்?"

ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.
எழுநூறு ஜிபி பன்னிரண்டாய் வற்றிவிடும்.
ஆனால் முதல் பக்கத்திலிருந்து கேட்டு வரும் புதியவனிடம்
வேறு யாரிடமாவது இருக்கும், போய்க் கேள் என்பேன்.
எல்லோரும் அப்படிச் சொல்லும் நாளில்?

பெரிய டிஸ்க் வாங்கலாம்,
மூன்று மாதக் கடை வாடகையைக் கொடுத்து.
இல்லையென்றால் ஃபிராங்க்பர்ட்டில் எவனோ ஒருவன்
குளிரூட்டிய அறையில் முழுதும் வைத்திருக்கட்டும் என்று விடலாம்.
அப்புறம் அவன் சொன்னதுதான் கணக்கு.

சுருக்குவது எங்களுக்குப் புதிதல்ல.
முதலில் மூன்று பூஜ்யம் வெட்டினார்கள்,
பிறகு பத்து,
பிறகு பன்னிரண்டு.
நர்ஸ் படிப்புக்கென்று நான் சேர்த்தது
அந்த வெட்டுகளுக்கு நடுவே எங்கோ நின்றுகொண்டிருந்தது.
"அத்தனை இலக்கத்துக்கு கம்ப்யூட்டரில் இடமில்லை, அம்மா"
என்றாள் வங்கிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவள்,
கனிவாகத்தான்.

இது அதுவல்ல என்கிறான் ஸென்ஸோ.
இங்கே செலவழித்ததைத்தான் மறக்கலாம்.
செலவழிக்காதது தூசியளவே ஆனாலும்
உரியவன் என்றாவது சாவியோடு வருவான் என்று
ஒவ்வொரு மெஷினும் சுமந்தே தீர வேண்டும்.
அதுதான் தடித்துக்கொண்டே போகிறது, அவனுக்கு எரிச்சல்.
எடுக்கப்போனால் எடுக்கிற கூலிக்கே காணாத சில்லறை,
கோடிக்கணக்கில்.
சொந்தக்காரன் இருக்கிறானா போனானா
யார் கண்டது?

ஒன்றை நான் அறிவேன்.
பெக்கிம்பிலோ, ஜோஹனஸ்பர்கிலிருந்து,
சிமெண்டு மூட்டை தூக்கிய கூலியில் மாதாமாதம் அனுப்பியவன்.
கடைசி முறை அனுப்பியது போக அவனுக்கு மிஞ்சியது
ஐந்நூற்று நாற்பத்தேழு சடோஷி.
ஒரு முழு ரொட்டி வராது.
சாவி போனில் இருந்தது.
போன் பையில்.
பை லிம்போபோவைக் கடக்கவில்லை.

இரண்டரை மணிக்கு அந்த வரியை எழுதினேன்.
டிஸ்க் வெகுநேரம் கரகரத்தது.
அவன் அனுப்பியவை போயின, ஒவ்வொரு மாதமும்,
மாவும் எண்ணெயும் பள்ளிக் கட்டணமுமாய் நான் கரைத்தவை.
பிறகு அவன் முகவரியைப் போட்டுத் தேடினேன்.
ஐந்நூற்று நாற்பத்தேழு.

யாரோ முதல் பக்கம் கேட்டு வந்திருந்தார்கள்.
என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டது லேப்டாப்.
ஸென்ஸோ கவுண்டரில் தலை சாய்த்துத் தூங்குகிறான்.
நான்கு மணிக்கு மறுபடி கரண்ட் போகும்.
இன்னும் இருநூற்றுப் பத்து பிளாக் பாக்கி.