முப்பத்தேழு

பேரம் படிய மூன்று ஞாயிறு ஆனது.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த நேரமெல்லாம்
எத்திராஜுலு கடையில்தான் நின்றேன்.
"பித்தளை எடைக்கே ஆயிரத்தி எரநூறு போவும்மா,
சண்டைல இருந்த சாமான் இது."
எந்தச் சண்டை என்று அவருக்குத் தெரியாது.
பெட்டி மூடியின் உள்பக்கம் ஓர் அம்புக்குறி,
நாற்பத்து மூன்று என்று வருடம்,
பூஞ்சை தின்ற ஊதா வெல்வெட்.

மடக்குக் கால். திருகினால் முனகும் குமிழ்.
ஏற்கெனவே நான்கு இருக்கின்றன
பிரிட்ஜ் மேல், மாவு டப்பாக்களுக்குப் பின்னால்.
தையல் மெஷின் மோட்டார் என்றேன் வீட்டுக்காரரிடம்.
அவர் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

தண்டையார்பேட்டை காய்ச்சல் மையத்தில்
நாள் முழுக்கப் பார்ப்பதும் இதே வேலைதான்,
விரல் நுனி ரத்தம், அறுபது பேருடையது.
பிறகும் எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.
கரண்ட் கேட்காத ஒன்றை
மொட்டைமாடிச் சுவரில் வைத்து
வெயிலைப் பிடித்து உள்ளே திருப்பும்
அந்த ஒரு நொடிக்காக இருக்கலாம்.

பெட்டிக்குள் பன்னிரண்டு காடி வெட்டிய மரச்சட்டம்.
பதினொன்று காலி.
கடைசியில் ஒரு ஸ்லைடு சிக்கியிருந்தது,
ஓரத்தில் கீறிய எண்: 37.

மையத்திலிருந்து கொண்டுவந்த எண்ணெய், ஒரு சொட்டு.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போக
வீடு அதிர்ந்தது,
வட்டத்துக்குள் எல்லாம் அலைந்தது.
இதே குமிழைத் திருகியவனுக்கும்
தரை ஆடியிருக்கும், வேறு காரணத்தால்.
அடங்கக் காத்திருந்தேன்.

வெளிறிய அணுக்கள். பிறகு ஒன்றில்
நீல மோதிரம், சிவப்புக் கல்.
பக்கத்து அணுவில் இரண்டு.
உதடு தானாக எண்ணத் தொடங்கியது,
கை ரிஜிஸ்டரைத் தேடியது:
பெயர், வயது, கதவு எண்,
சமீபத்தில் எந்த ஊர் போய் வந்தார்.

மறுநாள் டியூட்டிக்கு முன்னால் கடைக்கு ஓடினேன்.
மீதி பதினொன்று?
"அந்தக் கண்ணாடிச் சில்லுங்களா?
சோப்பு போட்டுக் கழுவி எம் பொண்ணு எடுத்துக்கிச்சு.
ஸ்கூலுக்கு அட்டை ஊடு செஞ்சுது.
ஜன்னல் வெச்சுது."

பரணிலிருந்து இறக்கிக் காட்டினார்.
தெர்மோகோல் கூரை, சாக்பீஸ் தூண்,
இரண்டாம் பரிசு என்று ஒட்டிய தாள்.
ஓரங்களில் 26, 31, 40.
மற்றவற்றைப் பசை மறைத்திருந்தது.
நன்றாகத்தான் கழுவியிருந்தாள்,
ஒரு பொட்டுக் கறை இல்லை.
எல்லா ஜன்னலிலும் கடை தெரிந்தது,
தராசு, செம்புக்கம்பிச் சுருள், எத்திராஜுலுவின் முழங்கை.

வாசலுக்கு மேலே ஒரு ஜன்னல் மட்டும்
கண்ணாடி இல்லாமல் திறந்து கிடந்தது.
"அது பொட்டில மாட்டிக்கிச்சும்மா.
இஸ்து பாத்துச்சு, வரல."

கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.
வெளியே கேட் தூக்கிவிட்டார்கள்.
மணி எட்டேமுக்கால்,
மையத்தில் வரிசை நிற்கும்.