உரிமையாளருக்கு

ஜெலுத்தோங் அடுக்குமாடி, மதியம் மூன்று.
கணக்கெடுப்பு அட்டை கழுத்தில் ஒட்டுகிறது.
லிஃப்ட் பன்னிரண்டோடு சரி,
மேலே இரண்டு மாடி என் முழங்கால்.

இரும்புக் கதவுக்குப் பின்னால் மேடம் ஊய்.
பெயர், வயது, எத்தனை பேர்.
மதம்?
"கீழே தாத்தோ இருக்காரே, பார்க்கலியா?"

பார்த்தேன்.
மோட்டார் சைக்கிள்கள் நிற்குமிடத்தில்
அஞ்சல் பெட்டியைவிடச் சற்றே பெரிய சிவப்புக் குடில்.
உள்ளே சொங்கோக் அணிந்த மலாய்க் கிழவர்.
சீன ஊதுபத்தி, வெற்றிலை, சுருட்டு.
கோழி வைக்கலாம், பன்றி கூடவே கூடாது.
"அவர் இஸ்லாமாச்சே" என்றார்,
சொந்தச் சித்தப்பாவுக்குச் சர்க்கரை என்பதுபோல.
வண்டி வாங்கிய அன்று
நானும் ஓர் எலுமிச்சை வைத்தவன்தான்.

திரையில் இருப்பவை சில கட்டங்கள்.
மேற்பார்வையாளர் ரொஸ்லியை அழைத்தேன்.
"உயிரோடு இருப்பவரை மட்டும் எண்ணு."
சிரித்தாரா, தெரியவில்லை.

மாதக் கடைசியில் ஒரு பெரிய எண் வரும்.
அதைப் பொய் என்னேன், எண்ணியவனே நான்.
ஆனால்
எங்கள் வீட்டில் ஐவரில் மூவர் குறட்டை விடுவோம்.
அதற்காக யாரும் வீட்டுக்குக்
குறட்டை என்று பெயர்ப்பலகை மாட்டுவதில்லை.
தூங்காத இருவரும் வாடகை தருகிறார்கள்.

இறங்கும்போது
குடிலின் கூரையில் ஈரப் பசையோடு
நகராண்மைக் கழகத்தின் தாள்:
அனுமதியற்ற கட்டுமானம், பதினான்கு நாள்.
பெறுநர்: உரிமையாளர்.

சுருட்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.
கையெழுத்துக்கு விட்ட இடத்தைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்,
பேனா என்னிடம்தான் இருந்தது.