ஒன்று போதும்

தம்பெரே நகரில் மூன்றாம் எண் டிராம்
ஹெர்வந்தாவுக்கு ஏறும்போது
யாரும் யாரோடும் பேசுவதில்லை.
பக்கத்தில் இடம் இருந்தாலும் நிற்பார்கள்,
இங்கே அது மரியாதை.
பெட்டிக்குள் எவ்வளவு இரைச்சல் என்பது
என் மடிக்கணினிக்குத்தான் தெரியும்:
முப்பத்தொரு கருவிகள்
கோட்டுப் பைகளுக்குள்ளிருந்து
"இங்கே இருக்கிறேன், சேர்வார் உண்டா" என்று
மீன் சந்தை போலக் கூவிக்கொண்டிருக்கின்றன.
வில்யோவின் ஹெட்போன்.
யாருடையதோ ஒரு பல் துலக்கி.
'தொடாதே இது என்னுடையது 2'.

எனக்குச் சம்பளம் ஒட்டுக்கேட்பதற்கு.
மூன்றாம் மாடி, ஜன்னலில்லாத அறை,
நாலாபுறமும் செம்புத் தகடு.
சுவருக்கும் காதுண்டு என்பார்கள்;
இந்தச் சுவருக்கு இல்லை.
காதுகள் மேஜைமேல் இருந்தன,
பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி,
முந்திரிப் பருப்பைவிடச் சிறியவை.

பேசத் தொடங்குமுன்
கைபேசியும் காதுக் கருவியும்
சாவியின் நீளத்தைப் பேசி முடித்துக்கொள்ளும்.
பதினாறு, என்கிறது கைபேசி.
முத்திரையில்லாத கடிதம்போல
அந்தச் சொல் காற்றில் போகிறது.
நடுவில் பிடித்து
ஒன்று என்று திருத்தி அனுப்புகிறேன்.
ஒன்றா, சரி, என்கிறது காது.
ஒன்றா, சரி, என்கிறது கைபேசி,
கேட்டது மறுமுனைதான் என்று நம்பி.
கல்யாணத் தரகரிடம்கூட
இதைவிட நாலு கேள்வி அதிகம் கேட்பார்கள்.

விதி எதுவும் மீறப்படவில்லை.
ஒன்று முதல் பதினாறு வரை என்று
விதிப்புத்தகமே சொல்கிறது.
எப்போதோ யாருக்காகவோ
தாழிடாமல் விட்ட கொல்லைக் கதவு.
ஒரு பைட்டுக்கு
இருநூற்று ஐம்பத்தாறு சாவிகள்.
காபி வடியும் நேரம்கூட ஆகாது.

"கூட்டத்தில் முயன்று பார்,
என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை" என்று
காதுகளின் சொந்தக்காரர் என்சியோ
கையெழுத்துப் போட்டே கொடுத்திருந்தார்.
புதன்கிழமை. மார்கெத்தா
காலாண்டுக் கணக்கை வாசிக்கிறார்.
என்சியோ தலையாட்டுகிறார்.
நூற்றுப் பதினேழாம் சாவியில் திறந்தது:
ஐஸ் ஹாக்கி வர்ணனை!
நேற்றிரவு ஆட்டம், இரண்டாம் கட்டம்,
கோல்காவலர் பனியில் குப்புற விழுந்து கிடக்கிறார்.
கேள்விகள் உண்டா, என்றார் மார்கெத்தா.
தெளிவாக இருந்தது, என்றார் என்சியோ.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு மணி.
என்சியோ சொறிவதுபோலக் காதைத் தட்டினார்.
ஒரு பெண் குரல்,
அவசரமில்லாத குரல்:
"அது திரும்பி வந்துவிட்டது."
மூன்று சொற்கள். இந்த ஊர்க் கணக்கில் அது அதிகம்.
ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.
என்சியோவின் முகத்தில்
காலாண்டுக் கணக்கைத் தவிர எதுவும் இல்லை.

அறிக்கையில் 'மிகக் கடுமை' என்று எழுதினேன்.
குறைந்தபட்சம் ஏழு பைட் கேளுங்கள்,
அதற்குக் கீழே வந்தால் பேச்சை முறியுங்கள்.
ஹாக்கியை எழுதவில்லை.
நிறுவனம் பதில் போட்டது:
புதிய கருவிகளில் சரிசெய்வோம்,
விற்றுப்போனவற்றைத் தொட வழியில்லை,
மேலும், ஒட்டுக்கேட்பவர்
பத்து மீட்டருக்குள் இருந்தாக வேண்டும்.
பத்து மீட்டர்!
பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்களே,
டிராமில் எந்தப் பக்கம் பார்ப்பது?

வியாழக்கிழமை நிறுத்தத்தில்
என்சியோ என் அருகில் வந்து நின்றார்,
ஒன்றரை மீட்டரில். அவருக்கு அது நெருக்கம்.
எவ்வளவு கேட்டாய்?
ஹாக்கி, என்றேன்.
வேறு?
பனி பெய்தது. டிராம் வரவில்லை.
"பூனையைச் சொன்னாள்" என்றார்,
"ஒரு வாரமாகக் காணோம்."
அவர் வீட்டில் பூனை உண்டா என்று
எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.
நான் எதைக் கேட்டேன் என்று
அவரும் மறுபடி கேட்கவில்லை.

சரி, என்றேன்.
சரி, என்றார்.